மூன்று கணினி, ஒரே வாசிப்புச் சேகரம்: வலைப்பக்கங்களை எப்படிச் சேமித்து ஒத்திசைக்கிறீர்கள்?

#1 ஓலைக்கட்டு

வணக்கம் நண்பர்களே,

அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் ஒரு மேசைக்கணினி, பையில் ஒரு மடிக்கணினி. முதல் இரண்டிலும் விண்டோஸ், மடிக்கணினியில் லினக்ஸ். தொலைநோக்கிக்கான கண்ணாடி ஆடியைக் கையால் தேய்த்துச் செய்வது பற்றிப் பத்து வருடமாகப் படித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த விஷயம் பெரிய தளங்களில் அவ்வளவாகக் கிடைக்காது. தனி ஆட்கள் தங்கள் பட்டறையில் செய்துபார்த்து, படம் பிடித்து, சொந்தப் பக்கத்தில் எழுதி வைத்ததுதான் பெரும்பகுதி.

இவ்வளவு நாளும் ஒரு 'பிறகு படிக்க' சேவையில் போட்டு வைத்திருந்தேன். எந்தக் கணினியில் திறந்தாலும் பட்டியல் இருக்கும், நிம்மதியாக இருந்தது. அந்தச் சேவை மூடப்பட்டது. ஏற்றுமதி செய்தேன், 1,140 வரிகள் உள்ள ஒரு கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் தலைப்பும் முகவரியும்தான். கட்டுரை எதுவும் உள்ளே இல்லை. முதல் 60 முகவரிகளைத் தட்டிப் பார்த்தேன், 23 செத்துப் போயிருக்கின்றன. ஆடியின் வளைவு சரியா என்று பார்க்கும் நிழல் சோதனையில் அதன் விளிம்பு எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் படிப்படியாகப் படம் போட்டிருந்தார். அந்தப் பக்கமும் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனிமேல் பக்கம் முழுதாக, படங்களோடு, என்னிடம் இருக்க வேண்டும். மூன்று கணினியிலும் இருக்க வேண்டும். இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

#2 நீர்க்கோடு

உலாவியிலேயே ஒத்திசைவு இருக்கிறதே. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எதுவானாலும் ஒரு கணக்கில் மூன்று கணினியிலும் நுழைந்துவிட்டால் புத்தகக்குறிகள் தானாக வந்துவிடும். தனியாக ஏன் மெனக்கெட வேண்டும்?

#3 வேர்

நீர்க்கோடு, அதில் வருவது முகவரி மட்டும்தான். நண்பர் இழந்தது பக்கத்தை. முகவரி அவரிடம் இப்போதும் பத்திரமாக 1,140 இருக்கிறது, அதனால் பயனில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டு கழித்துக் கிடைக்கவில்லை. தனி ஆட்களின் பக்கங்கள் என்றால் இன்னும் சீக்கிரம் போகும் என்பது என் அனுபவம். ஒருவர் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் போதும்.

ஓலைக்கட்டு, விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பக்கத்தைச் சேமிப்பது ஒன்று, சேமித்ததை மூன்று இடத்திலும் சேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சேவையிடம் கொடுத்ததால்தான் அது மூடியதும் இரண்டும் ஒன்றாகப் போயின. பிரித்து வையுங்கள். பக்கம் சாதாரணக் கோப்பாக, உங்கள் கோப்புறையில் இருக்கட்டும். அந்தக் கோப்புறையை எதை வைத்து ஒத்திசைத்தாலும் சரி, நாளைக்கு அந்தக் கருவி பிடிக்கவில்லை என்றால் வேறு கருவிக்கு மாறலாம். கோப்பு அப்படியே இருக்கும்.

சேமிக்க நான் பயன்படுத்துவது சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி. பக்கத்தின் எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் திணித்துவிடும். படங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றி உள்ளே வைப்பதால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னிடம் சுமார் 2,300 பக்கங்கள், மொத்தம் 7 ஜிபி. இன்றைய வட்டில் அது ஒரு மூலைக்குப் போதாது. கோப்பின் தலையிலேயே எந்த முகவரியில் இருந்து, எந்த நாளில் சேமித்தது என்ற குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். இது பெரிய உதவி. பல வருடம் கழித்து, 'இது எங்கே படித்தது?' என்று தேட வேண்டியதில்லை.

உலாவியின் 'முழுப்பக்கமாகச் சேமி' வேண்டாம். ஒரு எச்டிஎம்எல், பக்கத்தில் ஒரு கோப்புறை, அதற்குள் நாற்பது துண்டுகள் என்று வரும். ஒன்றை நகர்த்தி இன்னொன்றை மறந்தால் படம் போச்சு. ஒத்திசைக்கும்போதும் ஆயிரம் பக்கம் நாற்பதாயிரம் கோப்பாகிவிடும்.

எம்எச்டிஎம்எல் என்றொரு வடிவம் உண்டு, 1999 முதலே தரமாக இருக்கிறது. குரோம், எட்ஜ் திறக்கும், ஃபயர்ஃபாக்ஸ் நேரடியாகத் திறக்காது. பழைய ஃபயர்ஃபாக்ஸில் மாஃப் என்ற வடிவம் நன்றாக இருந்தது, நானும் அதில் நிறையச் சேமித்தேன். 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு பழைய நீட்சிகள் எல்லாம் நின்றன, அதுவும் நின்றது. நல்ல வேளையாக அது உள்ளுக்குள் ஜிப் கோப்பு, பிரித்து எடுக்க முடிந்தது. எந்த நீட்சியும் இல்லாத வெறும் உலாவியில் திறக்குமா என்று பார்த்துத்தான் அன்று முதல் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பிடிஎஃப் பற்றிக் கேட்பீர்கள். அச்சுக்குச் சரி. ஆனால் தமிழ்ப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்துப் பாருங்கள். பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், தேடினாலும் சிக்காது.

ஒத்திசைக்கச் சிங்க்திங் என்ற மென்பொருள். நடுவில் யாருடைய சேமிப்பிடமும் கிடையாது, உங்கள் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கணக்கும் தேவையில்லை. 2013 முதல் இருக்கிறது, திறந்த மூலம்.

#4 மென்பனி

வேர் சொல்வதோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் கோப்புறையில் குவித்தால் படிப்பது யார்? நான் வாலபேக் என்ற 'பிறகு படிக்க' மென்பொருள் வைத்திருக்கிறேன். சொந்த வழங்கியில் (சர்வர்) நிறுவியது. உலாவியில் ஒரு சொடுக்கு, கட்டுரை மட்டும் தனியாக எடுத்து வைக்கும். விளம்பரம், பக்கப்பட்டை எதுவும் வராது. படித்தவை, படிக்காதவை, குறிச்சொல் எல்லாம் எந்தக் கணினியில் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. ஒத்திசைவு என்ற பேச்சே இல்லை, இருப்பது ஒரே இடம்தானே. முகவரிப் பட்டியலை இறக்குமதியும் செய்யலாம்.

இதே வகையில் ரீடெக், லிங்க்வார்டன், கரகீப் என்று இன்னும் இருக்கின்றன. லிங்க்வார்டன் பக்கத்தின் திரைப்பிடிப்பையும் பிடிஎஃப்பையும் சேர்த்து எடுத்து வைக்கும்.

#5 வேர்

வாலபேக் நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் ஓலைக்கட்டுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, வழங்கியைப் பராமரிக்க வேண்டும்: மேம்படுத்தல், சான்றிதழ், காப்பு. உங்களுக்கு அது கைவந்த வேலை, எல்லோருக்கும் அப்படியில்லை. இரண்டு, கட்டுரையை மட்டும் உரித்தெடுக்கும் கருவி பத்திகளைச் சரியாக எடுக்கும், ஆனால் படத்துக்குப் பக்கத்தில் அட்டவணை, அதற்குக் கீழே குறிப்பு என்று அமைந்த பழைய தனிநபர்ப் பக்கங்களில் பாதியை விட்டுவிடும். எதை விட்டது என்று அப்போது தெரியாது. மூலப் பக்கம் போன பிறகுதான் தெரியும்.

ஆம்னிவோர் என்ற சேவையைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2024 நவம்பரில் அதன் இணையச் சேவை நின்றது. நிரல் திறந்த மூலம், அதனால் தாங்களே நிறுவிக்கொண்டவர்களுக்குத் தொடர்ந்தது. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்றும், பாக்கெட் 2025 ஜூலை 8 அன்றும் மூடப்பட்டன. இவை எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான். ஒரு சேவை நன்றாக இருப்பதற்கும் நீடிப்பதற்கும் சம்பந்தமில்லை.

#6 மென்பனி

ஏற்றுக்கொள்கிறேன். நானும் இப்போது முக்கியமான பக்கங்களைச் சிங்கிள்ஃபைலில் தனியாக எடுத்து வைக்கிறேன். படிக்க வாலபேக், காக்கக் கோப்பு. இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

#7 குறிப்பேடு

ஆராய்ச்சி மாணவி. சோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் பற்றி யாரும் சொல்லவில்லையே? மேற்கோள் வேலைக்காக அதைத்தான் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தையும் ஒரு சொடுக்கில் நகலோடு சேமிக்கும், அதன் உள்ளேயும் சிங்கிள்ஃபைல்தான் வேலை செய்கிறது. ஆசிரியர், தேதி, குறிப்புகள் எல்லாம் ஒத்திசையும். இலவசமாக 300 எம்பி, அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணம் அல்லது வெப்டாவ் முறையில் இயங்கும் சொந்த வழங்கி.

ஒரே ஒரு எச்சரிக்கை. சோட்டெரோவின் தரவுக் கோப்புறையைத் தூக்கிச் சிங்க்திங்கிலோ வேறு மேகச் சேமிப்பிலோ போடாதீர்கள். உள்ளே இருப்பது தரவுத்தளம். இரண்டு கணினியில் திறந்திருக்கும்போது பாதி எழுதிய நிலையில் ஒத்திசைந்தால் கெட்டுவிடும். என் தோழி ஒருத்திக்கு ஆய்வேட்டின் நடுவில் இது நடந்தது. இரண்டு வாரக் குறிப்புகள் போயின. சோட்டெரோவின் சொந்த ஒத்திசைவையே பயன்படுத்துங்கள்.

#8 ஓலைக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. வேர் சொன்ன வழியில் இறங்கிவிட்டேன். மூன்று கணினியிலும் சிங்கிள்ஃபைல், சிங்க்திங் இரண்டையும் போட்டேன். அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கித்தான் போட்டேன். செத்த 23 முகவரிகளில் 14 பக்கங்கள், பழைய வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கிடைத்தன, அங்கிருந்து எடுத்துச் சேமித்துவிட்டேன். நிழல் சோதனைப் பக்கமும் கிடைத்தது. ஆனால் ஒன்பது படங்களில் மூன்றுதான் அங்கே இருக்கின்றன.

இரண்டு பிரச்சினைகள்.

ஒன்று: நேற்றுச் சேமித்த ஒரு பக்கத்தில் முதல் நான்கு படங்கள் நன்றாக இருக்கின்றன, அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் கட்டம்.

இரண்டு: வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதே இல்லை. நான் எங்கே இருக்கிறேனோ அது மட்டும்தான் ஓடும். சிங்க்திங் இரண்டும் ஓடும்போதுதானே பேசும்?

#9 வேர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதற்கான விடை உங்கள் பையிலேயே இருக்கிறது. மூன்று கணினியிலும் ஒரே கோப்புறையைப் பகிருங்கள். காலையில் அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்தால் அங்கே சேமித்தது அதற்குள் வரும். மாலையில் வீட்டில் திறந்தால் அதிலிருந்து மேசைக்கணினிக்குப் போகும். மடிக்கணினிதான் தபால்காரர். இந்தத் தாமதம் உறுத்தினால் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கருவியை வீட்டில் வைக்கலாம், ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி போதும். அவசரப்பட்டு வாங்க வேண்டாம், ஒரு மாதம் இப்படியே ஓட்டிப் பாருங்கள்.

சாம்பல் கட்டம்: இப்போது பல பக்கங்கள் கீழே உருட்டினால்தான் படத்தை ஏற்றும். நீங்கள் மேலே நின்றபடி சேமித்திருப்பீர்கள். கடைசி வரை உருட்டி, படங்கள் வந்த பிறகு சேமியுங்கள். சிங்கிள்ஃபைல் அமைப்பில் தாமதப் படங்களை ஏற்றச் சொல்லும் தெரிவும் உண்டு, ஆனாலும் உருட்டுவதே நம்பகமானது. அதே மாதிரி, மடித்து வைத்திருக்கும் பகுதிகள் இருந்தால் விரித்துவிட்டுச் சேமியுங்கள். மறைந்திருக்கும் உறுப்புகளை நீக்கும் அமைப்பு அதில் முதலிலேயே போட்டிருக்கும், மடித்த பகுதி அதில் அடிபட்டுப் போகலாம்.

உங்கள் துறைக்கு இன்னொன்று. படத்தைத் தட்டினால் பெரிதாகும் பக்கங்களில், சேமிப்பில் வருவது சின்னப் படம்தான். நிழல் சோதனைக்கு அது போதாது. பெரிய படத்தைத் தனியாகத் திறந்து அதையும் சேமித்துவிடுங்கள்.

சேமித்த பிறகு அப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்தால் இன்னும் நல்லது. பத்து நொடி வேலை.

#10 நீர்க்கோடு

ஒரு சந்தேகம். நீட்சி எப்போதும் பதிவிறக்கக் கோப்புறையில்தான் போடுகிறது. சிங்க்திங் கோப்புறைக்கு ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டுமா? (ஆமாம், நானும் தொடங்கிவிட்டேன்.)

#11 வேர்

நகர்த்த வேண்டாம். உலாவி நீட்சிகளுக்குப் பதிவிறக்கக் கோப்புறைக்கு வெளியே எழுத உரிமை இல்லை, அதனால் நாம்தான் வளைய வேண்டும். அதற்குள்ளேயே 'பக்கங்கள்' என்று ஒரு துணைக்கோப்புறை போட்டு, சிங்கிள்ஃபைல் அமைப்பில் உள்ள கோப்புப் பெயர் வார்ப்பில் அந்தக் கோப்புறையின் பெயரை முன்னால் சேருங்கள். சிங்க்திங்கை அந்தத் துணைக்கோப்புறைக்கு மட்டும் காட்டுங்கள். சேமித்த நொடியே ஒத்திசைவுக்குள் வந்துவிடும்.

#12 ஓலைக்கட்டு

ஒரு வாரம் ஆயிற்று. தபால்காரர் முறை அருமையாக ஓடுகிறது. மனதுக்கு இவ்வளவு நிறைவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆனால் புரியாத ஒன்று. 17 கோப்புகள் மட்டும் லினக்ஸ் மடிக்கணினிக்கு வரவே மாட்டேன் என்கின்றன. தபால்காரரே எடுக்காததால் அலுவலகத்துக்கும் போகவில்லை. பெரிய கோப்புகளா என்று பார்த்தேன், இல்லை. சில 400 கேபிதான். எல்லாமே தமிழ்ப் பக்கங்கள். ஆங்கிலப் பக்கம் ஒன்றுகூட மாட்டவில்லை. தமிழென்றால் லினக்ஸில் ஏதாவது தடையா?

#13 வேர்

தமிழுக்குத் தடை எதுவும் இல்லை, நான் முழுக்கத் தமிழ்ப் பெயர்தான் வைக்கிறேன். மாட்டிய கோப்பு ஒன்றின் பெயரை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

#14 ஓலைக்கட்டு

இதோ:

வீட்டிலேயே தொலைநோக்கி ஆடி தேய்ப்பது எப்படி முதல் நாள் முதல் வெள்ளிப் பூச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இதோடு எச்டிஎம்எல் பின்னொட்டு. கட்டுரைத் தலைப்பை அப்படியே நகலெடுத்து நானே பெயர் மாற்றினேன். நீட்சி வைத்த பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, பார்க்க நன்றாக இல்லை.

#15 வேர்

பிடிபட்டது.

உங்கள் பெயரை எண்ணிப் பார்த்தேன். உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்று கணினி எண்ணும் கணக்கில், தமிழ்க் குறிகள் 90, இடைவெளி 13, பின்னொட்டு புள்ளியோடு 5. ஆக 108. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை அனுமதிக்கும், அதனால் அங்கே சிக்கலே இல்லை. லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமை எண்ணுவது குறிகளை அல்ல, பைட்டுகளை. அங்கே எல்லை 255 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 90 பெருக்கல் 3, 270. அதோடு 18. மொத்தம் 288 பைட். எல்லையைத் தாண்டிவிட்டது, லினக்ஸ் அந்தப் பெயரில் கோப்பை உருவாக்கவே மறுக்கும். சிங்க்திங்கில் தோல்வியுற்றவை பட்டியலைத் திறந்தால், கோப்பின் பெயர் மிக நீளம் என்ற செய்திதான் இருக்கும், பாருங்கள்.

அதாவது தமிழில் பெயர் வைத்தால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 85 குறிகள். 'கி' என்பதே இரண்டு குறி, 'க்கி' நான்கு. எண்ணிப் பார்த்தால் எட்டு, பத்துச் சொற்களில் முடிந்துவிடும். நீட்சி பாதியில் வெட்டியதும் இதற்காகத்தான். அதன் அமைப்பில் பெயரின் உச்ச நீளத்தைப் பைட் கணக்கில் வைக்கலாம்.

என் வழி: முன்னால் தேதி, பின்னால் மூன்று நான்கு சொற்கள், அவ்வளவுதான். முழுத் தலைப்பு கோப்புக்குள் இருக்கிறது, வெளியே எதற்கு? தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் தானாக அடுக்கிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை லினக்ஸ் பெயரில் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. மடிக்கணினியில் 'எப்படி?' என்று பெயர் வைத்தால் அது வீட்டுக்கு வராது.

#16 ஓலைக்கட்டு

அப்படியே இருக்கிறது, வேர். 17க்கும் அதே செய்தி. பெயரைச் சுருக்கினேன், ஒரு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டன. மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டினேன். தமிழில் இதை யாரும் எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை, இந்த இழையைப் பார்ப்பவர்களுக்காவது உதவட்டும்.

#17 பனித்துளி

வேர் எழுதியதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு தமிழ்ச் சிக்கல். நான் மேக் பயன்படுத்துகிறேன்.

'தொலைநோக்கி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் எழுதலாம். ஓகாரமும் அப்படியே. ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டும் சமம், திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு வகையில் அந்தச் சொல் 10 குறி, இன்னொரு வகையில் 12. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்தே வைக்கும். விண்டோஸ், லினக்ஸ் நாம் கொடுத்தபடி வைக்கும்.

எனக்கு நடந்தது: 'நோக்கு' என்று இரண்டு கோப்புறைகள், ஒரே இடத்தில், ஒரே பெயரில். ஒன்றில் 40 கோப்பு, இன்னொன்றில் 6. பைத்தியம் பிடிக்காத குறைதான். ஒரு பழைய வெளிவட்டில் இருந்து எடுத்தது ஒருவகை, புதிதாகத் தட்டச்சு செய்தது இன்னொரு வகை. சிங்க்திங்கில் பெயர்களைத் தானாகச் சீராக்கும் அமைப்பு இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். தேடும்போதும் இதை நினைவில் வையுங்கள். கண்முன் இருக்கும் சொல்லைத் தேடி அது கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஒகர ஓகாரம்தான் காரணம்.

#18 மென்பனி

இதுவரை யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒத்திசைவு காப்பு ஆகாது.

மூன்று வருடம் முன்பு கோப்புறையை ஒழுங்குபடுத்துவதாக நினைத்து, 'பழையவை' என்று இருந்த ஒன்றை அழித்தேன். அதற்குள் 600 பக்கங்கள் இருந்ததை மறந்துவிட்டேன். ஒத்திசைவு தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்கு கணினியிலும் அழித்தது. நான்கு நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் இருந்தவனுக்கு நான்கு இடமும் காலி. தெரிய வந்தது இரண்டு மாதம் கழித்து.

சிங்க்திங்கில் கோப்பு வரலாறு என்ற அமைப்பை மேசைக்கணினியில் இன்றைக்கே போடுங்கள். வேறு கணினியில் அழித்தது உடனே போகாமல் ஒரு மறைகோப்புறையில் நீங்கள் சொல்லும் காலம் வரை இருக்கும். அது எந்தக் கணினியில் போட்டிருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், பிற கணினியில் இருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் செல்லும். அந்தக் கணினியிலேயே நேரடியாக அழித்தால் காப்பாற்றாது. ஆகவே இரண்டு கணினியிலாவது போடுங்கள். அதற்கு மேல், மாதம் ஒருமுறை வெளிவட்டில் ஒரு நகல் எடுத்து, வட்டைக் கழற்றி வையுங்கள். கழற்றியிருக்கும் வட்டில் எந்த அழிப்பும் போய்ச் சேராது.

மேகச் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு: கோப்பு கணினியில் இருப்பதாகத் தெரியும், ஆனால் பெயர் மட்டும் இருந்து உள்ளடக்கம் மேலே இருக்கலாம். 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று கோப்புறைக்குக் குறியுங்கள். இல்லாவிட்டால் இணையம் இல்லாத அன்றைக்குத் திறக்காது.

#19 குறிப்பேடு

600 பக்கம்... படிக்கவே வயிற்றைக் கலக்குகிறது. வரலாறு அமைப்பை இப்போதே போட்டுவிட்டேன்.

வேரிடம் ஒரு கேள்வி. சேமித்த பக்கத்தில் கோடிட்டுக் குறிப்பு எழுதினால் ஒத்திசைவில் முட்டிக்கொள்ளாதா?

#20 வேர்

முட்டிக்கொள்ளும். இரண்டு கணினியில் ஒரே கோப்பைத் திருத்தினால் சிங்க்திங் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முரண் நகல் என்று தனிப் பெயரில் பக்கத்தில் வைக்கும். எதையும் இழக்க மாட்டீர்கள், ஆனால் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும்.

சேமித்த பக்கத்தில் எனக்குப் பிடித்த குணமே அது மாறாது என்பதுதான். ஒருமுறை எழுதினால் முடிந்தது, அதனால் முரண் வர வழியே இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பை அதே பெயரில் ஓர் எளிய உரைக்கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய பட்டியல் கோப்பு வைத்தால், அதைத்தான் எல்லாக் கணினியிலும் திறந்து வைப்பீர்கள், முரண் நகல் முழுக்க அதில்தான் விழும்.

#21 ஓலைக்கட்டு

ஒரு மாதம் கழித்து வருகிறேன். பட்டியலில் 1,140இல் 790 பக்கங்களைச் சேமித்து முடித்தேன், தினமும் இரவு இருபது. அமைதியான நல்ல வேலை. பல பக்கங்களைப் பத்து வருடம் கழித்து இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். நிழல் சோதனையில் கிடைக்காமல் இருந்த ஆறு படங்களில் நான்கு வேறொருவர் பக்கத்தில் மேற்கோளாகக் கிடைத்தன.

கடைசியாக ஒரு கேள்வி. சில பழைய தமிழ்ப் பக்கங்கள் ஒருங்குறிக்கு முந்தியவை. உலாவியில் திறந்தால் 'à' 'è' மாதிரி ஐரோப்பியக் குறிகளாகத் தெரிகின்றன. மேசைக்கணினியில் பழைய எழுத்துரு ஒன்று இருப்பதால் அங்கே மட்டும் தமிழாகத் தெரிகிறது. சேமித்து மடிக்கணினிக்கு அனுப்பினால் அங்கே மறுபடி கிறுக்கல். எழுத்துருவை மூன்றிலும் போட்டுவிடலாமா?

#22 பனித்துளி

எழுத்துருவைப் போட்டால் கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது இன்னும் அந்த ஐரோப்பியக் குறிகள்தான். திஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள் இருந்தன, சில இதழ்கள் தங்களுக்கென்று ஒன்று வைத்திருந்தன. எதுவென்று கண்டுபிடித்து ஒருங்குறி மாற்றியில் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். மூலப் பக்கத்தைத் தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். மாற்றிய உரையை வேர் சொன்ன குறிப்புக் கோப்பு மாதிரி, அதே பெயரில் உரைக்கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். அதைத் தேடினால் இப்போதே எளிதில் கிடைப்பதில்லை.

#23 ஓலைக்கட்டு

செய்து பார்த்தேன். திஸ்கிதான். மாற்றி எடுத்ததில் ஓரிரு இடத்தில் கொம்பு மட்டும் தள்ளி நின்றது, கையால் திருத்தினேன். மடிக்கணினியில் 'ஆடி' என்று தேடினேன், அந்தக் கட்டுரை முதல் வரியோடு வந்து நின்றது. இன்னும் 350 இருக்கிறது. இன்றைக்கு இருபது முடித்துவிட்டுப் படுக்கிறேன்.